கொடியும் சாயக்கூடாது, கம்பியும் அறக்கூடாது

பாலக்கரையில் எங்கள் சந்துக்குள் முதல் கேபிள் டிவி கம்பியை இழுத்தவன் நான். ஓட்டுக் கூரைகளின் மேல் நடந்து, ஓர் ஓடு உடையாமல் இழுத்தேன். மொட்டை மாடியில் முதல் டிஷ்ஷை நிறுத்தியவனும் நான்தான். சைத்தான் குடை என்றார்கள். அடுத்த உலகக் கோப்பை கிரிக்கெட்டுக்கு அப்படிச் சொன்னவர்களே முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். பெரிய கம்பெனிகள் வந்து சின்ன ஆபரேட்டர்களை ஒவ்வொருவராக விழுங்கியபோது விழுங்கப்படாமல் நின்றேன். இண்டர்நெட் ஃபைபர் மெயின் ரோட்டோடு நின்றுபோயிருந்தது. "உள்ள போனா யாருங்க மாசாமாசம் கட்டுவா?" என்று கம்பெனிக்காரன் கேட்டுவிட்டுப் போய்விட்டான். அதை உள்ளே கொண்டுவந்தவன் நான். மதரஸா மாடியில் பெண்களுக்குக் கம்ப்யூட்டர் வகுப்பு ஆரம்பித்தவன் நான். படித்தது நாலாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் சத்திரம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு வாடகை சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தேன்.

தன்னைத் தானே புகழ்ந்துகொள்கிறான் என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். வேறு யாராவது சொல்லியிருந்தால் நான் பேனாவை எடுத்திருக்க மாட்டேன்.

வகுப்பு ஏன் வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் சந்துப் பெண்களில் முக்கால்வாசிப் பேர் வீட்டுக்குள்ளேயே பீடி சுற்றுகிறவர்கள், செயற்கை வைரக் கல்லுக்குப் பட்டை தீட்டுகிறவர்கள். பிள்ளையின் ஸ்காலர்ஷிப், ரேஷன் கார்டு, விதவைப் பணம், எதுவானாலும் மெயின் ரோட்டு பிரவுசிங் சென்டருக்குப் போய் வரிசையில் நிற்க வேண்டும். அங்கே இருக்கிற ஆள் தானே தட்டுவான், தானே பாஸ்வேர்டு போடுவான், அந்தப் பாஸ்வேர்டைத் தானே வைத்துக்கொள்வான். அடுத்த வருஷம் மறுபடி அவனிடமே போகவேண்டும். ஒரு பெண்ணின் பெயரில் இருக்கிற பூட்டுக்குச் சாவி வேறொருத்தன் சட்டைப் பையில். எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. ஆனால் பூட்டும் சாவியும் தெரியும். பழைய கம்ப்யூட்டர்களை வாங்கிப் போட்டேன், புத்தூரிலிருந்து ஒரு டீச்சரம்மாவைக் கூட்டிவந்தேன், என் ஃபைபரை மாடிக்கு ஏற்றினேன். ஜமாஅத்தில் கூச்சல் போட்டார்கள். ஆம்பளை யாரும் மாடிப்படியில் கால் வைக்க மாட்டான், நானும் வைக்க மாட்டேன் என்று சொல்லி வாயடைத்தேன். இன்றுவரை வகுப்பு நடக்கும் நேரத்தில் நான் அந்தப் படியில் ஏறியதில்லை.

அந்த வகுப்பில் ஒரு பெண். எனக்கு எதிர் வீட்டுக்குப் பக்கத்து வீடு. கணவன் தலாக் சொல்லிவிட்டு வேறு ஊர் போய்விட்டான். கையில் ஒரு பெண் குழந்தை, அப்போதுதான் பால்வாடிக்குப் போகத் தொடங்கியிருந்தது. கல் தீட்டித் தீட்டி இவளுக்குக் கண் எரிச்சல். ஆனால் வகுப்பில் அவளைப் போல வேகமாகத் தட்டுகிறவள் கிடையாது என்று டீச்சரம்மா சொன்னார். வீட்டிலிருந்தபடியே ஆஸ்பத்திரிக் கணக்குகளைப் பதிகிற வேலை ஒன்றுக்கு ஆள் எடுத்தார்கள். அதற்கு ஆன்லைனில் தேர்வு. வீட்டில் கேமரா முன்னால் உட்கார்ந்து எழுதவேண்டும். நாற்காலியைவிட்டு எழுந்தால் போச்சு. லைன் அறுந்தால் அரை மணிக்குள் அதே முகம் அதே நாற்காலியில் திரும்பி வரவேண்டும். வராவிட்டால் தேர்வு மூடிவிடும், மறு வாய்ப்புக் கிடையாது.

அவளுடைய அண்ணன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறவர். எங்கள் தர்காவில் அடங்கியிருக்கும் அவுலியாவின் கந்தூரித் திருவிழாவுக்காக ஊருக்கு வந்திருந்தார். கந்தூரி முடிந்த மறுநாள் தங்கையைத் திருப்பூருக்கு அழைத்துப்போய்ப் பெண்கள் ஹாஸ்டலில் சேர்ப்பதாக ஏற்பாடு. ஹாஸ்டலில் குழந்தைக்கு இடமில்லை. குழந்தையைப் புதுக்கோட்டையில் தகப்பன் வீட்டார் எடுத்துக்கொள்வார்கள். "நான் என்ன கல்நெஞ்சக்காரனா மாமா? எனக்கும் மூணு இருக்கு. எத்தனை வயித்துக்கு நான் ஓடுறது?" என்று என்னிடம் கேட்டார். இந்த வேலை கிடைத்தால் தாயும் பிள்ளையும் ஒரே வீட்டில். கிடைக்காவிட்டால் இரண்டு ஊர். அவ்வளவுதான் விஷயம்.

தேர்வு நாள் கந்தூரி நாளாக வந்து வாய்த்தது. மதிய லுஹர் தொழுகைக்குப் பிறகு ஆரம்பித்து மாலை அஸருக்குள் முடிந்துவிடும். கொடி ஊர்வலம் அஸர் தொழுதபிறகுதான் புறப்படும். இரண்டுக்கும் இடையில் மோதலே இல்லை என்று கணக்குப் போட்டேன்.

எங்கள் கொடியைப் பற்றித் தெரியாதவர்களுக்கு: ஒரே மூங்கில், மாடி வீட்டைவிட உயரம், உச்சியில் பச்சைத் துணி. தூக்குகிறவர் இடுப்பு வாரில் அதன் அடியைச் செருகிக்கொண்டு நடப்பார். கொடி கட்டுகிற வீட்டைவிட்டுக் கிளம்பினால் தர்கா வாசல் வரைக்கும் கொடி சாயக்கூடாது. சாய்த்துக் கம்பிக்கு அடியில் நுழைத்துவிடலாமே என்று யாரும் நினைக்கக்கூட மாட்டார்கள். அதனால் கேபிள் டிவி காலத்திலிருந்து ஒரு பழக்கம். கொடி தூக்குகிறவர் முன்கூட்டியே கட்டிங் பிளேயரோடு சந்து முழுக்க நடந்து, குறுக்கே போகிற கம்பியையெல்லாம் நறுக்கிவிடுவார். கொடி போனபின் நான் போய் ஒவ்வொன்றாக முறுக்கி ஒட்டிவிடுவேன். சந்தில் அப்போது என் அளவுக்கு வேகமாக ஒட்டுகிறவன் இல்லை, இப்போதும் இல்லை.

சந்துக்குள் ஃபைபர் வந்தபின் அதுதான் முதல் கந்தூரி என்பதால், கந்தூரிக் கமிட்டிச் செயலாளரிடம் முன்னாலேயே சொல்லிவைத்திருந்தேன். "கம்பில கை வைக்காதீங்க பாய், தேர்வு முடிஞ்சதும் நானே தூக்கிக் கட்டிடறேன்." அவரும் "சரி பாய்" என்றார். கொடி தூக்குகிறவரிடம் அதைச் சொல்ல அவருக்கு நினைவு வரவில்லை.

நான் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். எதிர் வரிசையில் அவள் ஜன்னல். உள்ளே தட்டுகிற சத்தம் மழைத்தூறல் மாதிரி விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. திடீரென்று நின்றது.

"மாமா!" என்று உள்ளேயிருந்து குரல். "படம் அப்படியே நின்னுபோச்சு மாமா!"

"எந்திரிக்காதே! நாற்காலிய விட்டு எந்திரிக்காதே!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். சந்து முனையில் ஏணிமேல் கொடி தூக்குகிறவர் நிற்கிறார். கையில் கட்டிங் பிளேயர். கறுப்புக் கம்பி இரண்டு பக்கமும் தொங்குகிறது.

"என்னப்பா செஞ்ச?"

"வழக்கம்போலத்தான் அண்ணே. மேகம் கட்டுது, கொடிய சீக்கிரம் எடுக்கணும்னாங்க. நறுக்கிட்டேன். நீங்கதான் பின்னாடியே வந்து முறுக்கிவிட்ருவீங்களே?"

"இது முறுக்குற கம்பி இல்லப்பா. உள்ள இருக்கறது கண்ணாடி."

"கண்ணாடியா?" அவர் தொங்கும் முனையைப் பிடித்துப் பார்த்தார். "கண்ணாடிய எவன் அண்ணே ரோட்டுக்குக் குறுக்கால கட்டுவான்?"

அவரைத் திட்ட எனக்கு நேரமில்லை. அதோடு அவர் செய்ததில் புதிதாக ஒன்றுமில்லை, இத்தனை வருஷமாக நாங்கள் இருவரும் சேர்ந்து செய்ததைத்தான் செய்தார்.

முதலில் அண்ணன்காரரின் செல்போனை வாங்கி ஹாட்ஸ்பாட் போட்டுப் பார்த்தோம். அந்த வீட்டுச் சுவர் பழங்காலத்துச் சுவர், உள்ளே சிக்னல் தலைகாட்டாது. ஜன்னல் கம்பியில் வைத்தோம். கந்தூரிக்கு வந்த கூட்டம் முழுக்க வீடியோ எடுத்து அனுப்பிக்கொண்டிருக்கிறது. சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் நின்றுபோன திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கேமரா இன்னும் பதிவு செய்துகொண்டிருக்கலாம் என்று பயம். கை இரண்டும் மடியில்.

ஃபைபரை ஒட்டுவதற்கு ஒரு மெஷின் உண்டு. அதை நானும் ஸ்ரீரங்கத்தில் இருக்கும் ஓர் ஆபரேட்டரும் பங்காக வாங்கினோம். அவர் ஐயங்கார். அங்கே பெருமாள் புறப்பாட்டுக்குக் கம்பியைத் தூக்கிக் கட்டுகிற வேலை அவருக்கு, இங்கே எனக்கு. அந்த வாரம் மெஷின் அவரிடம் இருந்தது. போன் போட்டேன்.

"சுவாமி, மெஷின் வேணும். இப்பவே."

"பாய், அடியேன் இப்பதான் எலையில உக்காந்தேன். அப்படி என்ன அவசரம்?"

"ஒரு பொண்ணு பரீட்சைல இருக்கு. கம்பிய நறுக்கிட்டாங்க."

"எவ்வளவு அவகாசம்?"

"அரை மணி. அதுலயும் கொஞ்சம் போயிடுச்சு."

பாத்திரம் நகரும் சத்தம் கேட்டது. "முனை ரெண்டையும் சீவாம வையும். அடியேன் வந்து சீவிக்கறேன். உம்ம கை நடுங்கும்."

"என் கை நடுங்குமா? யாரப் பாத்து?"

"குரலே நடுங்கறதே, ஓய்."

போனை வைத்துவிட்டார். காவிரிப் பாலத்தைத் தாண்டி, சத்திரத்து நெரிசலைத் தாண்டி ஸ்கூட்டரில் வரவேண்டும். வந்துசேரக் கூடிய நேரம்தான். சந்து முனையில் கூட்டம் மறித்தால் முடியாது. நான் மாடிக் கம்பத்தில் சுருட்டி வைத்திருந்த உபரிக் கம்பியை அவிழ்த்து இரண்டு முனையையும் தெரு நடுவில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல்வரை இறக்கினேன். உபரிச் சுருள் வைக்காமல் எந்தக் கம்பியையும் நான் இழுத்ததில்லை. மற்ற ஆபரேட்டர்கள் அதைத் தண்டச் செலவு என்பார்கள்.

செயலாளர் வந்தார். பின்னால் தப்பு கொட்டுகிறவர்களும் இன்னும் ஐந்தாறு பேரும்.

"பாய், ஏணிய எடுங்க. ஸ்டூல எடுங்க. கொடி கெளம்பப் போகுது."

"அஸருக்கு அப்புறம்னு சொன்னீங்க."

"மேகத்தப் பாத்தீங்களா? அஸர் தொழுத கையோட எடுக்கறோம், தெரு இப்பவே காலியா இருக்கணும்."

"பரீட்சை முடியட்டும் பாய்."

"என்ன பரீட்சை? ஒரு பொம்பளப்புள்ள உள்ள உக்காந்து டைப் அடிக்கணும்னு அவுலியா கொடி தெருவுல நிக்கணுமா? மாடில வகுப்பு வச்சப்பவே சொன்னேன், இது இங்கதான் வந்து நிக்கும்னு."

"நீங்க சொல்லவேண்டியத சொல்லவேண்டியவர்கிட்ட சொல்லாததாலதான் பாய் இப்ப நான் இங்க நிக்கறேன்."

அவருக்கு முகம் கறுத்தது. கூட்டத்தில் ஒருத்தன், "கேபிள்கார பாய்க்கு சீரியல் கட் ஆனாலே தாங்காது" என்றான். சிரித்தார்கள். வீட்டு வாசலில் நின்றிருந்த அண்ணன்காரர் இறங்கி வந்தார்.

"விடுங்க மாமா. எப்படியும் நாளைக்கு நான் கூட்டிட்டுப் போறேன். ஒருத்திக்காக இத்தனை பேருக்கு இடைஞ்சல் எதுக்கு?"

இதை அவர் மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே இருந்தவளுக்குக் கேட்டிருக்கும். அப்போதும் அவள் திரும்பவில்லை. தோள் மட்டும் ஒருதரம் ஏறி இறங்கியது.

"நீ போய் அந்த மோடத்தப் பாரு," என்றேன் அவரிடம். "சிவப்பு லைட்டு எரியுதில்ல? பச்சையா மாறினா சத்தம் போடு. வேற எதுவும் பேசாதே."

போனார்.

சந்து முனையில் சலசலப்பு. "ஐயங்கார் வர்றாரு, வழி விடுங்கப்பா!" ஸ்கூட்டரை மெயின் ரோட்டில் போட்டுவிட்டு, நெற்றியில் திருமண் வியர்வையில் கரைய, மெஷின் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு கந்தூரிக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். தப்புச் சத்தம் தானாக நின்றது. ஸ்டூலில் மெஷினை வைத்தார். காற்று அடித்தது. மழைக்கு முன்னால் வருகிற மண் காற்று. ஒரு தூசி உட்கார்ந்தால் ஒட்டு பிடிக்காது. நான் சட்டையைக் கழற்றி அவர் தலைக்கு மேல் கூடாரமாகப் பிடித்தேன்.

தலைமுடியைவிட மெல்லிய இழை. உரித்தார், துடைத்தார், சீவினார், இரண்டு முனையையும் எதிரெதிரே வைத்து மூடினார். மெஷினின் சின்னத் திரையில் இரண்டு முனையும் நெருங்கி வந்தன. பிழை என்று காட்டியது.

"ஒரு முனை கோணலா சீவியிருக்கு," என்றார்.

"யாரு கை நடுங்குது இப்ப?"

"வாய மூடிண்டு சட்டையப் பிடியும்."

மறுபடி சீவினார். மறுபடி வைத்தார். முனைகள் நெருங்கின. உள்ளே ஒரு பொறி. இரண்டும் ஒன்றாயின. இன்னும் சூடு காட்டி உறை போட்டு முடிக்கவில்லை, உள்ளேயிருந்து அண்ணன்காரர் குரல் வந்தது.

"பச்ச! மாமா, பச்ச வந்துடுச்சு!"

அரை மணி முடிந்ததா, முடியவில்லையா? எங்களுக்குத் தெரியாது. எல்லோரும் ஜன்னலைப் பார்த்தோம். கிண்டல் செய்தவனும் பார்த்தான். சத்தமே இல்லை. பிறகு மழைத்தூறல் மறுபடி ஆரம்பித்தது, தட்டுகிற சத்தம்.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. இழந்த நேரத்தைத் தேர்வின் முடிவில் சேர்த்துக் கொடுத்தார்கள். அஸர் பாங்கு சொல்லியாகிவிட்டது, தொழுதாகிவிட்டது, அவள் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறாள். கொடி கிளம்பிவிட்டது. சந்தின் தலைப்பில் பச்சைத் துணி தெரிகிறது. எங்கள் கம்பி தெரு நடுவில் மார்பளவு உயரத்தில் தொங்குகிறது, நடுவில் புது ஒட்டு. அதை வெடுக்கென்று இழுத்தால் விட்டுப்போகும், மடக்கினால் உடையும்.

கொடி கம்பிக்கு முன்னால் வந்து நின்றது. தூக்குகிறவரின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. நின்ற இடத்தில் கொடியைத் தாங்குவது நடப்பதைவிடக் கஷ்டம். காற்று வேறு.

"நறுக்குங்கடா," என்றார் செயலாளர்.

"நறுக்கறவன் என்னத் தாண்டிப் போகட்டும்," என்றேன். மேலே சட்டையில்லாமல் நிற்கிறேன். இந்த வயசில் என்னை இடித்துத் தள்ள ஒரு விரல் போதும். யாரும் தள்ளவில்லை.

கொடி தூக்குகிறவர் பல்லைக் கடித்துக்கொண்டு, "அண்ணே, எதையாவது செய்ங்க. நான் சாய்க்க மாட்டேன். என்னால ரொம்ப நேரம் நிக்கவும் முடியாது," என்றார்.

நான் மேலே பார்த்தேன். இரண்டு பக்கத்து மொட்டை மாடியிலும் பெண்கள், கொடி பார்க்க வந்தவர்கள். முக்காட்டுக்குள் இருந்தாலும் யார் யாரென்று தெரியும், பாதிப்பேர் என் வகுப்புக்காரர்கள். "துணிக்கொம்ப எடுங்கம்மா!" என்று கத்தினேன். "தண்ணித் தொட்டி மேல ஏறுங்க! கம்பிய ரெண்டு பக்கமும் ஒண்ணா தூக்கணும். நடுவுல வெடுக்குனு இழுத்தா போச்சு! அவ இன்னும் முடிக்கல!"

கடைசியாகச் சொன்னதுதான் வேலை செய்தது என்று நினைக்கிறேன். துணி காயப்போடுகிற கவைக்கொம்புகள் இரண்டு பக்கமும் நீண்டன. தெருவுக்கு எட்டிப் பார்க்கவே கூச்சப்படுகிற பெண்கள் தொட்டி விளிம்பில் ஏறி நின்றார்கள். ஒருத்தி, "உங்க பக்கம் வேகம் அக்கா, மெதுவா!" என்கிறாள். எதிர்ப் பக்கத்தவள், "உன் பக்கம்தான்டி மந்தம்!" என்கிறாள். கம்பி ஏறியது. இன்னும் ஏறியது. நான் கீழேயிருந்து ஒரு கையால் ஒட்டைத் தாங்கி, எட்டாத உயரம் வந்ததும் விட்டேன்.

"நடப்பா," என்றேன்.

கொடி நடந்தது. உச்சித் துணி கம்பியை உரசிக்கொண்டு போனது. செயலாளர் மேலே பார்த்து முணுமுணுத்துக்கொண்டிருந்தார், துஆப் பிரார்த்தனையாகத்தான் இருக்கவேண்டும். கொடி அந்தப் பக்கம் போனது. நிமிர்ந்தபடியே போனது. தப்பு மறுபடி முழங்கியது. ஐயங்கார் ஜன்னல் பக்கம் காதை வைத்து, கையை உயர்த்திக் காட்டினார். தட்டுகிற சத்தம் நிற்கவில்லை.

அவள் முடித்துவிட்டு வெளியே வந்தபோது சந்து காலியாக இருந்தது. குழந்தையைப் பக்கத்து வீட்டிலிருந்து வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "என்ன மாமா ஒரே சத்தம்? கொடி போயிடுச்சா?" என்றாள். ஐயங்கார் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அவளுக்கு வேலை கிடைத்தது. அண்ணன்காரர் தனியாகத் திருப்பூர் போனார். குழந்தை எங்கள் தெருப் பள்ளியில் சேர்ந்திருக்கிறது.

இப்போது நான் பேனா எடுக்கக் காரணமான ஒரு பலகையின் விஷயத்துக்கு வருகிறேன். அவளைப் பற்றிக் கேள்விப்பட்டுச் சென்னையிலிருந்து ஓர் அறக்கட்டளை வந்து வகுப்புக்கு லேப்டாப்புகள் கொடுத்தது. கொடுத்தது நல்லது, வேண்டாம் என்று சொல்லவில்லை. மாடிப்படி வாசலில் பெரிய பலகை வைத்தார்கள். அதில் அவள் படம். கீழே, சிறுபான்மைப் பெண்களுக்கு டிஜிட்டல் கல்வி என்று எழுத்து. அதற்குக் கீழே அறக்கட்டளையின் பெயர், ஜமாஅத்தின் பெயர், "உறுதுணையாக நின்றவர்" என்று கமிட்டிச் செயலாளரின் பெயர். கம்பியை நறுக்கச் சொன்னவர் உறுதுணை!

"மாமா பேரப் போடுங்க" என்று அவள் கேட்டிருக்கிறாள். அறக்கட்டளைப் பையன்கள், "அவரு ஆபரேட்டர்தானேம்மா, அது அவரு வியாபாரம்" என்று சொன்னார்களாம். ஆமாம், வியாபாரம்தான். கம்பெனிக்காரன் லாபமில்லை என்று விட்டுப்போன சந்தில் செய்த வியாபாரம். டாக்டர்கூடத்தான் ஃபீஸ் வாங்குகிறார், ஆஸ்பத்திரிப் பலகையில் அவர் பெயர் இல்லையா? ஐயங்காரிடம் சொன்னேன். தனக்குப் பெயர் வேண்டாம் என்றார். அது அவர் பெருந்தன்மை. என்னிடம் அது கிடையாது, வைத்துக்கொள்ளவும் விருப்பமில்லை.

அறக்கட்டளைக்காரர்களுக்கும் ஜமாஅத்துக்கும் நான் கேட்பது ஒரு வரி. சமூக ஆர்வலர், புரவலர் என்றெல்லாம் வேண்டாம். "இந்தச் சந்துக்குள் இண்டர்நெட்டைக் கொண்டுவந்தவர், இந்த வகுப்பைத் தொடங்கியவர்" என்று எழுதிப் பக்கத்தில் என் பெயரைப் போடுங்கள். செயலாளர் பெயருக்கு மேலே போடுங்கள். இங்கே நான் யார் பெயரையும் எழுதவில்லை, என் பெயரைக்கூட எழுதவில்லை. அது பலகையில்தான் வரவேண்டும்.